குளிர்ந்தே ஓடிய வண்டி

அந்தப் பூட்டு மூன்று நாளாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. காரின் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் போடுகிற பூட்டு. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட அப்பா பிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் அதை வண்டியில் மாட்டி, இரண்டு சாவியையும் முதலாளி கையில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்பா இசக்கிபாண்டி இருபத்தெட்டு வருடமாக டிரைவர். முதலில் லாரி, பிறகு வேன். நான்கு வருடமாக மணிகண்டபிரபு என்பவரின் கார். முதலாளிக்கு வீடு கோவில்பட்டியில், துணி தைக்கும் கம்பெனி புதியம்புத்தூரில். தினமும் போக வரத் தொண்ணூறு கிலோமீட்டர் ஆகும்.

அந்தக் கார் இருபத்திரண்டு வயதான ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம், இரண்டு கதவு, இரண்டே இருக்கை. தரையோடு ஒட்டிக் கிடக்கும். முதலாளி கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்டு வாங்கினாராம். வாங்கிய வருடமே ஐப்பசி மழையில், பசுவந்தனை தாண்டி ஒரு ஆட்டுக்காக ஒடித்துத் திருப்பியதில் கரிசல் காட்டுக்குள் இறங்கிவிட்டார். கதவு வரை புதைந்த வண்டியை டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்தார்கள். அதோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டிரைவர் வைத்து ஸ்போர்ட்ஸ் காரில் போகிற ஒரே ஆள் என்று பஜாரில் அவரைக் கேலி செய்வார்கள். பின்னால் இருக்கை இல்லாததால் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து போவார், முழங்கால் நெஞ்சைத் தொட.

வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆடியில் பத்தரை ஆனது. ஐப்பசியில் ஒன்பதரை. மார்கழியில் எட்டரை. பழைய வண்டி என்றால் மைலேஜ் குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். இது மாதாமாதம் குறைந்தது. எடுத்துப் பழகியவனுக்குத் தைரியம் கூடிக்கொண்டே போவது மாதிரி இருந்தது அந்தக் கணக்கு.

எட்டயபுரம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சங்கரபாண்டி மூன்று முறை வண்டியைப் பார்த்தார். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றினார். இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினார். டேங்கிலிருந்து வரும் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கீழே படுத்துத் தடவிப் பார்த்தார். பிளக் கறுத்திருந்தது உண்மை, ஆனால் புதிது போட்ட பிறகும் மைலேஜ் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் இஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டு ஸ்கேனரை மாட்டினார். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. வண்டியில் குற்றம் இல்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர், உள்ளதைச் சொன்னார். வண்டியில் குற்றம் இல்லை என்றால் மிச்சம் இருப்பது யார் என்பதை அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. முதலாளி பூட்டு வாங்கச் சொன்னார், அவ்வளவுதான். அதையும் அப்பாவையே வாங்கச் சொன்னார்.

நான் வேதியியல் படித்தவள். பைபாஸ் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கின் மூலையில் இருக்கிற புகைப் பரிசோதனை அறையில் வேலை. வண்டியின் சைலன்சருக்குள் குழாயை விடுவேன், மெஷின் எண்ணைக் காட்டும், சான்று அச்சடித்துக் கொடுப்பேன். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

முதலாளி வண்டிக்கு அதே பங்க்கில்தான் பெட்ரோல் போடுவார்கள். முன்பெல்லாம் அவர் வண்டிக்குள் இருந்தபடியே போனில் பேசிக்கொண்டிருப்பார். ஐப்பசிக்குப் பிறகு இறங்கி நின்றார். பம்பில் ஓடும் எண்ணைப் பார்ப்பார், பிறகு டேங்க் வாயைப் பார்ப்பார். அப்பா இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கோ பார்த்து நிற்பார். என் அறையின் கண்ணாடி வழியே அது தெரியும். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பூட்டு வாங்கி வந்த அன்று, அப்பா குளிக்கப் போன நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் கிடந்த மஞ்சள் கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். அது தண்ணீர் கேன்தான். எனக்கே தெரியும் அது தண்ணீர் கேன் என்று.

வெள்ளிக்கிழமை முற்பகல் அப்பா வண்டியோடு வந்தார். புகைச் சான்று முடிகிற நாள். முதலாளியைப் புதியம்புத்தூரில் இறக்கிவிட்டு நேராக அங்கிருந்து வந்திருந்தார். குழாயை விட்டேன். கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று புள்ளி எட்டு காட்டியது.

மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவிடம் இஞ்சினை நிறுத்தாமல் ஓரமாக நிற்கச் சொன்னேன். மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஃபில்டரை மாற்றி, அடுத்து நின்ற இரண்டு கார்களையும் ஒரு ஆட்டோவையும் சோதித்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. மெஷினில் பிழை இல்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து மறுபடியும் அப்பாவின் வண்டியில் குழாயை விட்டேன். பூஜ்யம் புள்ளி மூன்று.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வண்டி, ஒரே காலை. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று, வண்டி சும்மா நின்று ஓடியது. சங்கரபாண்டி ஒவ்வொரு முறையும் செய்தது அதைத்தான். அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். அதனால்தான் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பிறகுதான் முதல் தாள் என்ன சொல்கிறது என்று உறைத்தது. மூன்று புள்ளி எட்டு என்றால் வேண்டியதைவிட நிறையப் பெட்ரோல் இஞ்சினுக்குள் போகிறது, எரியக் காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்து வெளியே வருகிறது. காணாமல் போன பெட்ரோல் இங்கேதான் இருக்கிறது. இந்தப் புகையில். எந்தக் கேனிலும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே அப்பா துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே போய், புதியம்புத்தூரிலிருந்து வரும்போது இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் எங்கே நின்றது என்று கேட்டேன்.

“கீழதாம்ட்டி. அது ஏறவே ஏறாது,” என்றார் அப்பா. குரலில் பெருமை இருந்தது. “சித்திரையில இருந்து வண்டி பச்சத்தண்ணி மாதிரில்லா ஓடுது.”

சித்திரையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். ஓட்டப்பிடாரம் பக்கம் நல்ல வெயிலில் இஞ்சின் கொதித்துப் புகைந்துவிட்டதாம். திருப்பூரிலிருந்து பெரிய ஆர்டர்காரர் வந்து காத்திருக்கிறார், முதலாளி வியர்த்து ஊற்றுகிறார். வேறு வண்டி பிடித்து அவரை அனுப்பிவிட்டு, அப்பா முன்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். ரேடியேட்டருக்கு முன்னால் மெத்தை மாதிரி பஞ்சுத்தூசி. கம்பெனியில் துணி வெட்டுகிற ஹாலின் காற்றை வெளியே தள்ளும் காற்றாடிக்குக் கீழே, நிழல் என்று நிறுத்தி வந்ததன் பலன். அதை எல்லாம் வழித்து எடுத்தார். கையோடு தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றினார். அன்றோடு கொதிப்பு நின்றது.

“நம்ம ஊரு வெயிலுக்கு அந்த வால்வு எதுக்கு? குளுருத நாட்டுக்காரன் அவன் ஊருக்கு வச்சது,” என்றார்.

அவர் மட்டும் அல்ல, இங்கே எல்லோரும் அப்படித்தான். லாரியோ டிராக்டரோ, புதிதாக ஒரு வண்டி கைக்கு வந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. பழைய வண்டிகள் அதைக் கண்டுகொள்வதும் இல்லை.

ஒரு ஜீப் வந்து ஹார்ன் அடித்தது. நான் உள்ளே போய்விட்டேன். ஜீப் வராவிட்டாலும் அந்த நேரத்தில் சொல்லியிருக்க மாட்டேன். அப்பா எடுக்கவில்லை என்பதற்கு என் கையில் சாட்சி இருந்தது. ஆனால் அந்தச் சாட்சியைக் கொடுத்தால், பெட்ரோல் போனதற்குக் காரணம் அவர்தான் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, காப்பி குடிக்கும்போது சொன்னேன். இஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தண்ணீரைப் பார்த்துத்தான் இந்த வண்டியின் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. குளிர்ந்திருந்தால் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், சூடேறியதும் குறைக்கும். தண்ணீர் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் மறித்து நிற்பதுதான் அந்த வால்வு. அது இல்லாததால், ரோட்டில் காற்று அடிக்க அடிக்கத் தண்ணீர் சூடேறுவதே இல்லை. பனி நாளில் இன்னும் மோசம். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகும் வண்டி இப்போதுதான் எழுந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நிற்கவைத்து ஓட்டினால் மட்டும்தான் சூடேறுகிறது.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பழைய வேன்களில், குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைக் கையாலேயே இழுத்து ஓட்டியவர். அவருக்கு என் விளக்கம் முழுதும் தேவைப்படவில்லை.

“சோக்க இழுத்து வச்சுக்கிட்டே ஊரூராப் போன மாதிரி,” என்றார்.

“ஆமாப்பா.”

அப்பா டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, “அப்ப நான்தானா?” என்றார்.

தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்க் கை கழுவிவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத கையை, திரும்பி வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நாளைக்கே வால்வை மாட்டிவிடலாம், பூட்டையும் மாட்டிவிடலாம், மைலேஜ் தன்னால் ஏறிவிடும், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். அம்மாவும் அதுதான் நல்லது என்றாள்.

எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் பட்டது. பிறகு ஃபிரிட்ஜ் மேல் பார்த்தேன்.

“பூட்டு மாட்டுன மறுநாளே மைலேஜ் ஏறுச்சுன்னா, அவிய என்னப்பா நினைப்பாவ?”

அப்பாவும் ஃபிரிட்ஜைப் பார்த்தார். அம்மா அடுப்பைக் குறைத்தாள். அதற்குப் பிறகு மறைப்பது பற்றி யாரும் பேசவில்லை.

கழற்றிய வால்வை அப்பா எறிந்திருக்கவில்லை. அவர் எதையும் எறியமாட்டார். சனிக்கிழமை மத்தியானம் டூல்ஸ் பையிலிருந்து, பனியன் துணியில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்தார். எலுமிச்சம்பழம் அளவு, நடுவில் ஸ்பிரிங். விளிம்பில் எண்பத்திரண்டு என்று பொறித்திருந்தது, அது திறக்க வேண்டிய சூடு. அதை நூலில் கட்டி, அடியில் படாமல் பாத்திரத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அது ரசம் வைக்கிற பாத்திரம் என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். தண்ணீரில் சின்னக் குமிழிகள் எழுந்தன. வால்வு அசையவில்லை. ஆவி கனத்தது. கொதிக்கப் போகிற நேரத்தில், மூடியிருந்த வட்டம் மெதுவாக இறங்கித் திறந்துகொண்டது. வெளியே எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது.

அப்பா மூன்று முறை அதைச் செய்யச் சொன்னார். வால்வில் பழுதே இல்லை. சித்திரையில் கொதித்ததற்குப் பஞ்சுத்தூசிதான் காரணம். இரண்டையும் ஒரே நாளில் எடுத்ததால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விட்டது. அப்பா பெருமையை வால்வுக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் பழைய துணி தேடிப் போனதும் அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அந்தக் கேன நானும் மோந்து பாத்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் முதலாளி வீட்டுக்குப் போனோம். அப்பா பேசுவார், நான் தாள்களை மட்டும் நீட்டினால் போதும் என்பது ஏற்பாடு. முதலாளி பனியனோடு வாசலுக்கு வந்தார். என்ன அண்ணாச்சி, மகளையும் கூட்டிக்கிட்டு, என்று விசாரித்தார். அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடியும் வரவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவரிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை; விளக்கம் சொல்லிப் பழக்கமும் இல்லை.

நான் தாள்களை நீட்டினேன். மூன்று புள்ளி எட்டு, பூஜ்யம் புள்ளி மூன்று. முதலாளி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெஷின் கோளாறாக இருக்கும் என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அது போதாது என்று தெரிந்தது.

“திருடுன பெட்ரோல் சைலன்சர் வழியா வராது சார்,” என்றேன்.

மூன்று மாதமாக யாரும் சொல்லாத சொல். நான்தான் சொன்னேன். முதலாளி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“திருட்டுன்னு நான் ஒருநாளும் சொல்லலயே, அண்ணாச்சி.”

“சொல்லல மொதலாளி,” என்றார் அப்பா. “பூட்டுதான் வாங்கச் சொன்னிய.”

அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. வால்வைக் கழற்றியது நான்தான், கேட்காமல் கழற்றினேன், நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், தப்பு என்னுடையதுதான் என்று வரிசையாகச் சொன்னார். பனியன் துணியைப் பிரித்து வால்வைக் காட்டினார். வெந்நீரில் அது திறந்ததைச் சொல்லும்போது விரல்களால் திறந்து காட்டினார். முதலாளி வால்வை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இதையா, இத்துனூண்டா என்றார். பிறகு மாட்டுங்கள், பார்ப்போம் என்றார். அவரே டார்ச் பிடித்தார்.

மாட்டி, தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி எல்லாம் போகும்வரை ஓடவிட்டு முடிக்கப் பத்து மணி ஆனது. பங்க்கில் டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, ஓட்டப்பிடாரம் போய்த் திரும்பி வந்து மறுபடி நிரப்பிப் பார்ப்பது என்று முடிவானது. இரண்டே இருக்கை என்பதால் எனக்கு இடம் இல்லை. என் அறையைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமையில், வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வால்வு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும். வழியில் மறுபடி கொதித்தால். நான் சொன்னது எல்லாம் தாளில் சரி. தாளில் சரியான எத்தனையோ கல்லூரி ஆய்வகத்தில் எனக்குத் தப்பாக வந்திருக்கிறது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மஞ்சள் வண்டிக்கும் எழுந்து எழுந்து பார்த்தேன். பாதி, கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போகிற பள்ளிக்கூட வேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். அப்பா இஞ்சினை நிறுத்தவில்லை, நேராக என் அறைப் பக்கம் கொண்டுவந்தார். குழாயை விட்டேன். எண் ஓடிக் குறைந்து நின்றது. பூஜ்யம் புள்ளி மூன்று. ரோட்டிலிருந்து நேராக வந்த வண்டி.

முதலாளி இறங்கிக் காலை உதறிக்கொண்டார். முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது, போகும்போதும் வரும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன் என்றார். பம்பில் விட்டார்கள். எண்பத்து நான்கு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டரும் சொச்சமும் பிடித்தது. முதலாளி போனில் கணக்குப் போட்டார், நான் மனதிலேயே போட்டுவிட்டேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே.

அப்பா டேங்க் மூடியை மூடி, ஒரு முறை தட்டிப் பார்த்தார். முதலாளி அவர் தோளில் கை வைக்க வந்து, பாதியில் அந்தக் கையைக் கார் மேல் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பூட்டு எங்க இருக்கு?”

“வீட்டுலதான். பிரிக்கல.”

“கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க.” பிறகு பம்புக்காரரும் கேட்கும்படி, “ஒம்பது மாசமா என் பெட்ரோல வச்சு ஊருக்கே கொசு மருந்து அடிச்சிருக்கிய, அண்ணாச்சி,” என்றார்.

பம்பில் இருந்தவர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். உள்ளே போய்க் குழாயைச் சுருட்டி வைத்தேன்.

போகிற வழியில் அப்பா ஒர்க்‌ஷாப்புக்கும் போய்ச் சங்கரபாண்டியிடம் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. பிறகு தன்னுடைய வேனின் வால்வை எங்கே எறிந்தோம் என்று தேட ஆரம்பித்தாராம்.

கடைக்காரர் பூட்டைத் திருப்பி வாங்கவில்லை. மஞ்சள் கேனுக்காவது ஆகுமா என்று அம்மா வைத்துப் பார்த்தாள். வாய் சேரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி பங்க்குக்கு வந்தது. ஒரு பைக்குக்குச் சான்று அடித்துக்கொண்டிருந்த நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பா இறங்கி மூடியைத் திறந்துவிட்டார். முதலாளி பக்கம் இருந்த கதவு திறக்கவில்லை. அவர் உள்ளே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, போனில் யாருடனோ சத்தமாகப் பட்டன் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். பம்பின் எண்ணை அப்பா மட்டும் பார்த்தார். முன்பு பின்னால் கட்டியிருந்த கை இப்போது இடுப்பில் இருந்தது.

பைக்குக்காரர் தன் சான்றைக் கேட்டு இரண்டாவது முறையாகக் கண்ணாடியைத் தட்டினார்.